ஏழாம் எண் நிலத்தின் ஈரம்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, திண்டுக்கல் மண் பரிசோதனைக் கூடத்தின் உலர்த்தும் அடுப்பிலிருந்து கடைசி டப்பாவை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்தபோது, தன் வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது என்றே அம்பிகா எண்ணினாள். முப்பத்தைந்து அலுமினிய டப்பாக்கள், ஏழு நிலங்கள், நிலத்துக்கு ஐந்து டப்பா வீதம் மேல்மண். ஈரத்தோடு ஒரு நிறை, காய்ந்தபின் ஒரு நிறை. இரண்டுக்குமுள்ள வேறுபாடே மண் குடித்திருந்த நீர். கூடத்து அடுப்பு சிறியதாகையால் இரண்டு தவணையாகக் காயவைக்க நேர்ந்தது. அதற்கே வெள்ளியும் சனியும் சரியாகப் போய்விட்டன.

இத்தனை பாடும் ஒரு கருவிக்காக. மண்ணிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகள் எந்நேரமும் மேல்நோக்கிக் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. வறண்ட மண் அவற்றை மிகுதியாக வெளிவிடும், நனைந்த மண் குறைவாக வெளிவிடும். அந்த அலையை அளந்துவிட்டால், மண்ணைத் தொடாமலே அதன் ஈரத்தைச் சொல்லிவிடலாம். செயற்கைக்கோளில் ஏற்றி நாடு முழுவதையும் அளக்கவேண்டும் என்பது ஆசை. ஆசைக்கு முன் சோதனை வேண்டுமல்லவா? ஆகவே கருவியை ஒரு சிறிய விமானத்தின் வயிற்றில் பொருத்தி, வியாழக்கிழமை காலை அகரம், தாடிக்கொம்பு வட்டாரத்து நிலங்களின்மேல் தாழப் பறக்கவிட்டார்கள். மேலே விமானம் அளக்கும் அதே காலையில், கீழே சிலர் மண்ணைத் தோண்டி எடுத்து உண்மையான ஈரத்தைக் காணவேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் கருவி தேறிற்று. ஒத்துவராவிடில், மூட்டை கட்டவேண்டியதுதான்.

கருவியை ஏழாண்டு பாடுபட்டு உருவாக்கியவர் சனாவுல்லா என்னும் பொறியாளர். வாணியம்பாடிக்காரர், வடக்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. திண்டுக்கல்லுக்கு வந்த முதல் நாளே அவர் அம்பிகாவைப் பார்த்து, "அம்மா, என் கருவி சொல்றது வெறும் சாட்சி. உங்க டப்பா சொல்றதுதான் தீர்ப்பு. அதனால எனக்காக எதையும் தள்ளியோ கூட்டியோ எழுதிடாதீங்க" என்று சொல்லியிருந்தார். அம்பிகா எட்டாண்டுகளாக அந்தக் கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளர். வந்துபோன அதிகாரிகள் அவளிடம் கோப்பைக் கேட்டிருக்கிறார்கள், தேநீர் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய டப்பாவைத் தீர்ப்பு என்று கூறியவர் இவர் ஒருவரே.

முப்பத்தொன்று முதல் முப்பத்தைந்து வரையுள்ள டப்பாக்கள் ஏழாம் எண் நிலத்துக்குரியவை. நூறு பங்கு மண்ணுக்கு நான்கு பங்கு நீர் என்று கணக்கு வந்தது. உழுது ஆறப்போட்ட செம்மண் நிலத்துக்கு அது இயல்பான அளவு. அவள் தாளில் எழுதி, இருமுறை சரிபார்த்து, பயணியர் மாளிகைக்கு எடுத்துச் சென்றாள்.

அங்கே மேசையின் ஒரு பக்கம் சனாவுல்லா, மறுபக்கம் கமலக்கண்ணன். இவர் செயற்கைக்கோளுக்குக் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவினரால் அனுப்பப்பட்ட பார்வையாளர், அறுபதை நெருங்கியவர், எதையும் இரண்டு முறை படிப்பவர். இவர் கையெழுத்திட்டுக் கொண்டுபோகும் அறிக்கையைப் பார்த்துத்தான், கருவி செயற்கைக்கோளில் ஏறுமா, அலமாரியில் ஏறுமா என்பதைச் செவ்வாய்க்கிழமை முடிவு செய்வார்கள். ஞாயிறு மாலை நான்கு மணி வண்டிக்கு அவருக்கு இடம் பதிவாகியிருந்தது.

கட்டத்தாளில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு புள்ளி வைத்தார் சனாவுல்லா. விமானம் சொன்னது ஒரு பக்கம், டப்பா சொன்னது ஒரு பக்கம். ஆறு புள்ளிகளும் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் விழுந்தன. ஏழாவது புள்ளியை வைக்கப்போன பென்சில் நடுவழியில் நின்றது.

"பதினொண்ணு" என்றார் சனாவுல்லா.

"டப்பா நான்கு என்கிறது, உங்கள் கருவி பதினொன்று என்கிறது" என்றார் கமலக்கண்ணன். "ஏறக்குறைய மூன்று மடங்கு."

"ஆறு சரியா இருக்கு சார்."

"ஆறும் நனைந்த நிலங்கள். வறண்டது இது ஒன்றுதான். வறட்சியைக் கண்டுபிடிக்கத்தானே இக்கருவி? காய்ந்த நிலத்தை ஈர நிலம் என்று சொன்னால், எந்த ஊரில் மழை பொய்த்தது என்று இதைக் கேட்டு எப்படித் தெரிந்துகொள்வது?" கமலக்கண்ணன் கடுமையாகப் பேசவில்லை, வருத்தத்தோடுதான் பேசினார். விமானத்தில் கருவியின் பேனா ஓடி வரைந்த வரைபடச் சுருளை விரித்து விரலால் காட்டினார். "இதையும் பாருங்கள். ஏழாம் எண் நிலத்தின்மேல் பேனா ஒரு கோட்டில் நிற்கவில்லை. ஓரிடத்தில் தாழ்ந்து, ஓரிடத்தில் உயர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மாதிரி ஓடியிருக்கிறது. கருவி தடுமாறியிருக்கிறது, சனாவுல்லா."

"விமானத்துல எடுத்த படச்சுருளைப் பார்த்தா ஏதாவது தெரியலாம் சார்."

"அது கழுவி வரப் பத்து நாள் ஆகும். செவ்வாய்க்கிழமை காத்திருக்காது."

சனாவுல்லா பென்சிலைக் கீழே வைத்தார். அம்பிகாவின் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றிம்மா. சுத்தமான வேலை" என்று மட்டும் கூறினார். டப்பாவை மாற்றி எடுத்திருப்பாயோ, எண்ணைத் தப்பாக எழுதியிருப்பாயோ என்று ஒரு சொல் கேட்டாரில்லை. கேட்டிருந்தாலாவது அவளுக்கு மனம் ஆறியிருக்கும்.

கூடத்துக்குத் திரும்பிய அம்பிகா, முதல் வேலையாக அந்த ஐந்து டப்பாக்களின் மூடிகளையும் திறந்தாள். ஏழு நிலங்களில் செம்மண் நிலம் அது ஒன்றே; மற்றவை எல்லாம் கருப்பு ஓடிய மண். டப்பா மாறியிருந்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். ஐந்திலும் செங்கல் பொடி போன்ற மண். மாறவில்லை. தராசுக்கு எடைக்கல் வைத்துப் பார்த்தாள். அதுவும் பிசகவில்லை. தன்மேல் குற்றமில்லை என்று தெரிந்த நிம்மதி அவளிடம் ஒரு நிமிடங்கூடத் தங்கவில்லை. தான் சரியென்றால் அவர் தவறு என்றுதானே பொருள்? ஏழாண்டு உழைப்பின் கழுத்தைத் தன் ஐந்து டப்பாக்கள் நெரித்துவிட்டன என்பதுபோல அவளுக்கு உடம்பு கூசியது.

ஆயினும் ஒன்று உறுத்திற்று. ஆறு நிலங்களில் ஒழுங்காகப் பேசிய கருவி, ஏழாவதில் மட்டும் எதற்காகத் தடுமாறவேண்டும்? நிலத்தில் ஏதேனும் இரும்பு கிரும்பு கிடந்ததோ? நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

ஞாயிறு காலை முதல் பேருந்தில் ஏறி அகரத்தில் இறங்கி, தோளில் டப்பாப் பையோடு வண்டிப்பாதையில் நடந்தாள். ஏழாம் எண் நிலம் பேச்சியம்மாளுடையது. கிழக்குமேற்காக நீண்டு கிடக்கும் இரண்டு ஏக்கர். மேற்குக் கோடியில் கிணறு. பேச்சியம்மாள் ஐம்பது வயதுக்காரி. தனியாளாக வெள்ளாமை செய்பவள். அவள் வாய்க்கு அந்தத் தெருவே ஒதுங்கி நடக்கும். மிளகாய் நாற்று நடவிருந்த அவளிடம் இரண்டு வாரத்துக்கு முன்பே பேசி, விமானம் வந்து போகும்வரை நிலத்துக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று சம்மதம் வாங்கியவள் அம்பிகாதான். "நாத்து முத்திப்போவுதே தாயி" என்று முனகினாளே ஒழிய, பேச்சியம்மாள் சொன்ன சொல்லை மீறவில்லை. வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அம்பிகா மண் எடுத்தபோது, நிலம் புழுதி பறந்துகொண்டுதான் கிடந்தது.

இப்போதோ நிலத்தின் மேற்குப் பக்கம் முழுவதும் மிளகாய் நாற்று நின்றது. அம்பிகாவுக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது.

களைக்கொத்தோடு குனிந்திருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். "வாங்க டப்பாக்காரம்மா! இன்னும் மண்ணு பத்தலையா? இப்பிடியே அள்ளிட்டுப் போனீகன்னா எனக்குக் கெணறு மட்டுந்தான் மிஞ்சும்."

"அம்மா, தண்ணி எப்ப விட்டீங்க?"

"ஏன்? தப்பா?" பேச்சியம்மாளின் முகம் இறுகியது. "ப்ளேன் போனப்புறந்தான் விட்டேன். ஒங்ககிட்டச் சொன்ன சொல்லு சொல்லுதான். நான் ஒண்ணும் நாக்கு மாறுறவ இல்ல."

துள்ளிய நெஞ்சு அப்படியே அமிழ்ந்துவிட்டது. விமானம் போனபின் விட்ட நீரால் யாருக்கு என்ன பயன்? கருவி தடுமாறியது தடுமாறியதுதான். அம்பிகா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பேச்சியம்மாள் கொஞ்சம் இளகினாள். "செத்த நேரம் ஒக்காரு தாயி, மோர் தாரேன். அம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்க. நெசமாத்தான் சொல்றேன், கரெண்டு ஏழு மணிக்கு வந்துருச்சு, என் மொறை. எல்லாரும் மோட்டாரைப் போடுன்னாக. நான் போடல. வானத்தைப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தேன். ஏழு பத்துக்கு ப்ளேன் போச்சு. அப்புறந்தான் போட்டேன்."

அம்பிகா தலை நிமிர்ந்தாள். "ஏழு பத்துக்கா?"

"ஆமா. நீங்கதானே ஏழு மணிக்கு வரும்னு சொன்னீக. சொன்ன மாதிரியே வந்துச்சு. ஒசரத்துல, வெள்ளையா, கோடு கிழிச்ச மாதிரி வடக்கால போச்சு."

"அம்மா... தாழ்வா, சத்தம் போட்டுக்கிட்டு, சின்னதா ஒண்ணு வரலையா?"

"அது ரெண்டாவது ப்ளேன்ல!" என்றாள் பேச்சியம்மாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "ஆத்தாடி, அது தென்னை மட்டையை ஒரசிக்கிட்டுல்ல போச்சு! அஞ்சு தடவை போய்ப் போய்த் திரும்புச்சு. ஒண்ணுக்குத்தான் தண்ணி விடக்கூடாதுன்னு சொன்னீக. ரெண்டு வரும்னு யாரும் சொல்லலையே?"

யாரும் சொல்லவில்லைதான். வியாழக்கிழமை சிறுமலைப் பக்கம் பனிமூட்டம் விலகாததால், ஏழு மணிக்கு வரவேண்டிய விமானம் எட்டரைக்குத்தான் வந்து சேர்ந்தது. தாமதச் செய்தி கம்பியில்லாக் கருவி வைத்த ஜீப்புக்கு வந்தது. ஜீப்பிலிருந்து மண் எடுப்பவர்களுக்கு வந்தது. மண் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் விமானம் வந்துவிட்டால் மறுபடி எடுக்கவேண்டியதில்லை என்பது விதி. ஆகவே அம்பிகாவும், அடுத்து மண் எடுக்கப் போயிருந்த தாடிக்கொம்புப் பக்கத்து நிலத்திலேயே நின்றுவிட்டாள். எல்லாருக்கும் சொன்னார்கள், நிலத்துக்காரிக்குச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து, எங்கிருந்தோ எங்கோ போன பயணிகள் விமானம் ஒன்று அகரத்தின் வானத்தைக் கடந்திருக்கிறது!

"அந்தச் சின்ன ப்ளேன் வந்தப்ப மோட்டார் ஓடிக்கிட்டா இருந்துச்சு?" அம்பிகா வரப்பை விட்டு எழுந்தாள்.

"ஓடாம? ப்ளேனுக்கு அடையாளமா நீங்க விரிச்சுப் போட்ட வெள்ளைத் துணிகூட நனையப்போவுதேன்னு எடுத்து வரப்பு மேல போட்டேன். அதான் ஒங்களுக்குக் கோவமா?"

"கோவமா! அம்மா, இது மட்டும் உண்மைன்னா..." உண்மை என்று கமலக்கண்ணனை எப்படி நம்பவைப்பது? மிளகாய் நாற்றைக் காட்டினால், விமானம் போனபின் தண்ணீர் விட்டு நட்டது என்பார். கருவியைக் காப்பாற்ற ஒரு நிலத்துக்காரியின் வாய்ச்சொல்லைக் கொண்டுவந்தாயா என்பார்.

அவ்வேளையில் கிணற்றடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஆபீசரம்மா! நீங்க கவர்மெண்டு ஆளுதானே? என் பிராதையும் செத்த எழுதிக்கங்க!"

வந்தவர் கருப்புசாமி, பேச்சியம்மாளின் கொழுந்தனார். எட்டுப் பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு அது. நான்கு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பேச்சியம்மாளுடைய முறை வந்தால், ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கருப்புசாமியுடையது. முறை மாறும் நிமிடத்தை அக்குடும்பத்தார் கைக்கடிகாரத்தை வைத்துக் காப்பார்கள். பெண் கொடுத்த வீட்டோடுகூட அவ்வளவு கண்டிப்பு காட்டமாட்டார்கள்.

"வியாழக்கெழமை மதினி என் மொறையில பத்து நிமிசம் தண்ணி எடுத்துருச்சு. ஒம்பது மணிக்கு மடையை அடைக்கணும். ஒம்பது பத்துக்குத்தான் அடைச்சுச்சு. கேட்டா ப்ளேனைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்னு சொல்லுது."

"பாத்தா என்ன, கண்ணு அவிஞ்சா போச்சு? நீரும்தான் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தீரு!" என்றாள் பேச்சியம்மாள்.

"நான் வாயைத்தான் பொளந்தேன் மதினி, மடையைப் பொளக்கல."

"அப்ப ஏழுக்குப் போடவேண்டிய மோட்டாரை ப்ளேனுக்காக ஏழு பத்துக்குப் போட்டேனே, என் பத்து நிமிசத்தை யாரு தருவா? இந்தம்மா பேச்சைக் கேட்டு விட்ட பத்து நிமிசம் அது!"

"அதை இந்தம்மாகிட்டக் கேளு. கவர்மெண்டுகிட்டக் கேளு. என்கிட்ட ஏன் கேக்குற?"

அம்பிகா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "அண்ணே, ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங்க. மதினி மோட்டார் போட்டது ஏழு பத்து. சின்ன ப்ளேன் மொதத் தடவை வந்தது?"

"எட்டரை. நான் கெணத்து மேட்டுல கடியாரத்தைப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். என் மொறைக்கு அரை மணி இருக்குன்னு நெனச்சேன், தலைக்கு மேல எரைஞ்சுச்சு."

"கடைசித் தடவை?"

"ஒம்பது பத்து. அது போனப்புறந்தான் மதினிக்குச் சுய நெனவே வந்துச்சு."

"அதுவரைக்கும் தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு?"

"அதைத்தானே பிராதுங்கிறேன்!"

தன் பத்து நிமிடத்துக்காக வழக்காடும் பங்காளி, கருவிக்குச் சாதகமாகப் பொய் சொல்லவேண்டிய அவசியம் என்ன? அம்பிகா பையிலிருந்து தாளை எடுத்து, நேரம் தவறாமல் அவர் சொன்னபடியே எழுதினாள். கருப்புசாமி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டு, 'பத்து நிமிடம்' என்ற இடத்தில் அடிக்கோடு இடச்சொல்லி, ஆற அமரக் கையெழுத்திட்டார்.

பிறகுதான் அவள் நிலத்தை ஊன்றிப் பார்த்தாள். நாற்று நிலம் முழுவதும் நிற்கவில்லை. மேற்கிலிருந்து வந்து, ஓரிடத்தில் கோடு போட்டதுபோல நின்றுவிட்டது. அதற்குக் கிழக்கே பழைய புழுதி.

"அந்தக் கோடிக்கு ஏன் நடலை?"

"தண்ணி எட்டலையே தாயி. ரெண்டு மணி நேரத்துல இம்புட்டுப் பாத்திதான் பாஞ்சுச்சு. மிச்சத்துக்கு நாளைக்குத்தான் மொறை."

அம்பிகா மேற்கு வரப்பிலிருந்து அடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தாள். நாற்று நின்ற இடம்வரை நூற்று நாற்பது அடிவைப்பு. அங்கிருந்து கிழக்கு வரப்புவரை எழுபது. மூன்றில் இரண்டு பங்கு நனைந்தது, ஒரு பங்கு நனையாதது. அவள் மனத்தில், கமலக்கண்ணன் விரல் வைத்துக் காட்டிய அந்த வரைபடம் மின்னலடித்தாற்போல எழுந்து நின்றது. ஓரிடத்தில் தாழ்ந்து, ஓரிடத்தில் உயர்ந்து...

"அண்ணே, திண்டுக்கல்லுக்குப் பஸ் எத்தனை மணிக்கு?"

"இருங்க, நானும் வாரேன்" என்றார் கருப்புசாமி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. "பிராதை நேருல குடுத்தாத்தான் வெயிட்டு."

"போங்க, போங்க! ப்ளேன்லயே ஏறிப் போங்க" என்று பின்னாலிருந்து பேச்சியம்மாள் குரல் கொடுத்தாள்.

அவர்கள் பயணியர் மாளிகையை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. கமலக்கண்ணன் பெட்டியைக் கட்டி முடித்திருந்தார். தட்டச்சு செய்த அறிக்கை மேசைமேல் கிடந்தது. சனாவுல்லா சன்னலோரத்தில் நின்றுகொண்டிருந்தார். முந்தைய நாள் அணிந்திருந்த அதே சட்டை. மேசையில் வைத்த காலைச் சாப்பாடு தொடப்படாமல் ஆறிக் கிடந்தது.

அம்பிகா மூச்சிரைக்க விவரம் சொன்னாள். கமலக்கண்ணன் இடைமறிக்கவில்லை. சொல்லி முடிந்ததும் கருப்புசாமியைப் பார்த்து, "உமக்கும் அந்த அம்மாளுக்கும் எப்படி உறவு?" என்று கேட்டார்.

"உறவுதான். பேச்சுவார்த்தைதான் கெடையாது" என்றார் கருப்புசாமி. "அது பக்கம் நியாயம் இருந்தாக்கூட நான் சொல்லமாட்டேன் சார்."

கமலக்கண்ணனின் மீசை ஓரத்தில் ஒரு சிரிப்பு தோன்றி மறைந்தது. பிராதை இரண்டு முறை படித்தார். "சரி. தண்ணீர் ஓடியது என்றே வைத்துக்கொள்வோம். அது கருவியின் தடுமாற்றத்தை விளக்குமா?"

சனாவுல்லா அதற்குள் வரைபடச் சுருளைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஏழாம் எண் நிலத்தின்மேல் விமானம் பறந்த ஐந்து சுற்றுகளையும் வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார். எந்தச் சுற்று மேற்கிலிருந்து பறந்தது, எது கிழக்கிலிருந்து திரும்பியது என்று பார்த்து, திரும்பிய சுற்றுகளின் மெல்லிய தாளை, கோடு பின்புறம் தெரியும்படி இடவலமாகப் புரட்டி வைத்தார். எல்லாவற்றுக்கும் மேற்கு இப்போது இடப்பக்கம் வந்தது.

ஈர மண்மேல் தாழும் பேனா, ஒவ்வொரு தாளிலும் இடப்பக்கம் தாழ்ந்து ஓடி, ஓரிடத்தில் படி ஏறினாற்போல உயர்ந்து, வலப்பக்கம் மேலேயே ஓடியிருந்தது. முதல் சுற்றில் அந்தப் படி நிலத்தின் பாதிக்குச் சற்றே முன்னால் இருந்தது. இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் வலப்புறம். மூன்றாவதில், நான்காவதில், ஐந்தாவதில் என்று படி நகர்ந்துகொண்டே போயிற்று. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பாய்ந்து முன்னேறியதை, மேலே பறந்த கருவி ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தது.

"தடுமாற்றம் இல்லை, சார்" என்றார் சனாவுல்லா மெல்ல. "இது தண்ணி நடந்து போறது."

கமலக்கண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அளவுகோலோடு தாமும் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தாம் சுற்றில் படியின் இடத்தை அளந்தார். "அம்மா, நாற்று எதுவரை நிற்கிறது என்றீர்கள்?"

"இருநூற்றுப் பத்தில் நூற்று நாற்பது, சார்."

"மூன்றில் இரண்டு." அளவுகோலை மறுபடி வைத்துப் பார்த்தார். "இதிலும் மூன்றில் இரண்டு." பின்பு வலப்பக்கம், பேனா மேலே ஓடிய பகுதியை மட்டும் தனியாகக் கணக்கிட்டார். நிலம் முழுவதுக்கும் நாம் சராசரி பார்த்ததுதான் பிழை என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். "தண்ணீர் எட்டாத கிழக்குக் கோடியில் எடுத்த டப்பா எது?"

"முப்பத்தைந்து. அது நாலேகால்."

கணக்கு முடிந்தது. கமலக்கண்ணன் தாளை அவள் பக்கம் திருப்பினார். கருவியின் விடையும் நான்குக்குச் சிறிதே மேல். வறண்ட மண்ணை வறண்டது என்றே அது சொல்லியிருக்கிறது. ஈர மண்ணை ஈரம் என்றே சொல்லியிருக்கிறது. டப்பாவும் பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே பேச்சியம்மாளின் தண்ணீர் புகுந்ததுதான் நடந்தது.

அம்பிகாவுக்கு முந்தைய நாளிலிருந்து தோளில் ஏறியிருந்த பாரம் இறங்கிற்று. சுவரில் சாய்ந்துகொண்டாள். சனாவுல்லா ஆறிப்போன இட்டிலித் தட்டை இழுத்துத் தரையில் வைத்துக்கொண்டு, சட்டினி ஊற்றக்கூட மறந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தின்னத் தொடங்கினார்.

"நாலு சுத்துலயும் தண்ணி ஒழுங்காத்தானே ஓடிருக்கு" என்று தாள்களின்மேல் குனிந்திருந்த கருப்புசாமி கேட்டார். "இந்த அஞ்சாவதுதானே ஒம்பது பத்து?"

"ஆமாய்யா" என்றார் சனாவுல்லா, வாய் நிறைய இட்டிலியோடு.

"அப்ப என் பத்து நிமிசத்துக்குப் பாஞ்ச பாத்தி இதுலயே தெரியுதுல்ல?"

"துல்லியமாத் தெரியுது. ரெண்டரைப் பாத்தி."

"இதை ஒரு காப்பி போட்டுக் குடுங்க. மதினி வாயை அடைக்க இம்புட்டு வருசமா எனக்கு ஒரு கருவி கெடைக்கல."

கமலக்கண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அந்த மாளிகையில் ஒருவரும் பார்த்ததில்லை. பின்பு எழுந்து மேசைக்குச் சென்று, தட்டச்சு செய்திருந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் குறுக்காகக் கோடிட்டு அடித்தார். கைப்பட எழுத ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, "அம்மா, நிலத்தில் அடி வைத்து அளந்த செய்தியை நீங்களே உங்கள் கையெழுத்தில் எழுதிவிடுங்கள். பெயரும் போடுங்கள். உங்கள் டப்பாவும் உங்கள் காலும் இல்லாமல் இந்த அறிக்கை நிற்காது" என்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அம்பிகா அமர்ந்து நான்கு வரி எழுதினாள். பரிந்துரை என்ற தலைப்பின்கீழ் அவர் எழுதியது ஒரே வரி: கருவி செயற்கைக்கோளில் ஏற்றத் தக்கது. கையெழுத்திட்டு, தேதியிட்டு, மை உலரும்வரை தாளைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்கு ஜீப் வந்தது. கமலக்கண்ணனும் பெட்டியும் ஏறிக்கொள்ள, பேருந்து நிலையம்வரை தன்னையும் விட்டுவிடும்படி கேட்டுக் கருப்புசாமியும் முன்னால் தொற்றிக்கொண்டார். வழியனுப்பிவிட்டு அம்பிகா உள்ளே திரும்பினாள். தரையில் ஐந்து தாள்களும் அடுக்கியது அடுக்கியபடி கிடந்தன. சனாவுல்லா நாற்காலியில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாய் திறந்தபடி அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். அவள் சன்னல் கதவுகளைச் சத்தமில்லாமல் சார்த்தி, மின்விசிறியை ஒரு சுற்றுக் கூட்டிவைத்துவிட்டு, டப்பாப் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.